காய் இருக்கும் வீட்டில் நீலக் கதவு

மகள் கைபேசியில் அனுப்பும் வீடியோக்களில் பாதியை நான் திறப்பதே இல்லை. இந்த மார்கழியில் போனால் போகிறதென்று ஒன்றைத் திறந்தேன். குளிர்காலத்தில் வீட்டைப் புதுசாக்கச் சுலபமான வேலைகள் என்று ஒரு பெண் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். சோபாவின் மேல் கம்பளியை மடித்துப் போடுங்கள், தரையில் தடித்த விரிப்பை விரியுங்கள், மூலைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அவள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. போடிநாயக்கனூரில் மெழுகுவர்த்தி ஏற்றினால் கரண்டு போய்விட்டதா என்று கேட்டுப் பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்ப்பாள். கம்பளியைச் சோபாவில் போடலாம்தான், முதலில் சோபா வேண்டும்.

"பாத்தியாம்மா? ஒனக்காகத்தான் அனுப்புனேன். நீதான் வருசா வருசம் வீட்டக் கெளறிக்கிட்டே இருக்கியே" என்றாள் மகள்.

கிளறுகிறேனாம். நான் எதற்காகக் கிளறுகிறேன் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பதில்லை. அது அவளுடைய நல்ல குணம்.

என் வீட்டுக்காரர் மலையில் இருக்கிறார். போடிமெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறார். பறித்த பச்சைக் காயை அடுப்புச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். ஏலக்காயை நாங்கள் வெறுமனே காய் என்போம். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் தங்கள் முழுப்பெயரைச் சொல்லிக்கொண்டுதான் எங்கள் ஊருக்குள் வர வேண்டும். சூடு கூடினால் காயின் பச்சை வெளுத்துவிடும், குறைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். லோடு உள்ளே இருக்கும்வரை ஸ்டோர்க்காரர் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

நான் போடியில் தையல்காரி. முன்னறையில் மெஷின், உள்ளறையில் கட்டில், பின்னால் அடுப்படி. இவ்வளவுதான் வீடு.

ஏன் இரண்டு பேரும் இரண்டு இடத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவள்கூடக் கையைத் தூக்கி நின்றபடியே கேட்பாள். எனக்கு இளைப்பு. மலையில் மஞ்சு இறங்கிப் பனி மூடினால் என் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். கல்யாணமான புதிதில் மேலே போய்க் குடித்தனம் நடத்திப் பார்த்தேன். ஒரு மழைக்காலத்தைத் தாண்ட முடியவில்லை. ஜீப்பில் படுக்க வைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் உருட்டிக்கொண்டு கீழே இறக்கினார்கள். அவருக்கோ போடி வெயில் ஆகாது. மாசி பிறந்தால் போதும், முதுகெல்லாம் வேர்க்குரு. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு வெறும் தரையில் கிடந்து புரளுவார். வெளிச்சம் வந்ததும் முதல் ஜீப்பைப் பிடித்துவிடுவார். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் நாலு பெரிய மனிதர்கள் வந்து சமாதானம் பேசியிருப்பார்கள். எங்களைப் பிரித்து வைத்தது வெயிலும் பனியும். அவற்றிடம் யார் போய்ப் பேசுவது?

எனக்கென்று இருப்பது மார்கழியும் தையும்தான். அப்போது மலையிலிருந்து குளிர்காற்று இறங்கிவரும். ராசிங்காபுரம் பக்கத்திலிருந்து தைக்க வரும் பெண்கள் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அவருக்கு அது இதமாக இருக்கும். மற்ற மாதங்களில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காத மனிதர், அப்போது ஒரு பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் நடுவே வந்து நாலைந்து நாள் இருப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெஷின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பொத்தான் தைக்கிறேன் என்று சொல்லி ஊசியைத் தொலைப்பார். எனக்கு அந்த நாட்கள் போதவில்லை. எந்த வருடமும் போதவில்லை.

அதனால்தான் வீட்டைக் கிளறினேன். ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு வேலை. கையில் பொங்கல் துணி மலையாகக் குவிந்திருக்கும். இன்னும் முடியவில்லையா என்று வாசலில் நின்று கத்துவார்கள். அவர்களைக் கத்த விட்டுவிட்டு நான் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருப்பேன். வீடு இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்தால், இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால், மாசியிலும் அவர் இருந்துவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

ஒரு வருடம் மொட்டை மாடி முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன். வெள்ளையாக இருந்தால் வெயில் உள்ளே இறங்காது என்றார்கள். அடித்து முடித்துவிட்டுக் கண்கூசக் கீழே இறங்கி வந்தால், அந்த மனிதர் "மாடியில யாரு மாவக் கொட்டுனது?" என்று கேட்டார். ஒரு வருடம் மெத்தையைப் பிரித்தேன். இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு கட்டி தட்டிப்போன மெத்தையில் படுப்பது அநியாயம். உறையை அறுத்துப் பஞ்சை வெயிலில் கொட்டி, கம்பால் தட்டி, கொட்டை பொறுக்கி, புது உறையில் திணித்துத் தைத்தேன். மூக்கில் பஞ்சு ஏறி ஒரு வாரம் இளைப்பில் கிடந்தேன். அவர் வந்தார், படுத்தார், நடுவில் அமிழ்ந்து போனார். காலையில் பார்த்தால் கீழே தரையில் துண்டை விரித்துத் தூங்குகிறார்.

இன்னொரு வருடம் மேற்குச் சுவரில் சன்னல் வைத்தேன். அதற்குக் கொத்தனார் வந்தார், நான் எடுபிடி. அங்கே படுத்தால் மலை தெரியும். மலையைப் பார்த்துக்கொண்டே இங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய புத்திசாலி பாருங்கள். ஊருக்குப் போக நினைக்கிறவனுக்குப் பஸ் நிலையத்துப் பக்கம் பார்த்து வீடு எடுத்துக் கொடுத்த கதை. படுத்தபடி மலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "மஞ்சு எறங்குது. வெரசா போகணும்" என்று எழுந்துவிட்டார்.

சன்னல் திரையை மாற்றினால் அதிலேயே கையைத் துடைப்பார். புது அலமாரி அடித்தால் பழைய ஆணி இருந்த இடத்தில் சட்டையை மாட்டப் போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்ல மாட்டார். ஸ்டோரில் காயோடு காயாக இருந்து இருந்து வாயும் உலர்ந்துவிட்டது என்று மதினியிடம் சொல்லித் திட்டுவேன். அவர் ஜீப் ஏறிய பிறகு அந்த நாற்காலியை எடுத்து உள்ளே வைக்க மனசு வராது. இரண்டு நாளாவது அங்கேயே கிடக்கும்.

இத்தனை வேலை செய்தும் பெயிண்டு டப்பாவை மட்டும் நான் குளிர்காலத்தில் திறந்ததில்லை. தமிழ்நாடே பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வர்ணம் அடிக்கும். எங்கள் ஊரில் மலையோடு சம்பந்தமுள்ள வீடுகளில் அடிக்க மாட்டார்கள். அது காய் வீட்டுக்குள் இருக்கும் காலம். காய்க்கு மானம் ரோசம் எல்லாம் மூக்கில்தான். பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாசத்தை இழுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். காய் மூட்டை இருக்கும் அறையில் மண்ணெண்ணெய் டின் வைக்க மாட்டோம், சோப்புக்கூட வைக்க மாட்டோம். பெயிண்டு அடிப்பதென்றால் சித்திரைக்கு மேல்தான். சுவருக்குச் சுண்ணாம்பு போதும், அதில் மிஞ்சிப்போனால் ஒரு பிடி நீலம்.

அந்த விதியை நான் ஒரே ஒரு தடவை மீறினேன். மூன்று வருடங்களுக்கு முன்னால், மகளுக்குக் கல்யாணமாகி வந்த முதல் பொங்கல். மகளும் மாப்பிள்ளையும் வரப்போகிறார்கள், உள்ளறைக் கதவு அழுது வடிந்துகொண்டிருக்கிறது. அவர் போகிக்குத்தான் காயோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு எனாமல் பெயிண்டு வாங்கிவந்தேன். நல்ல நீலம். மழை விட்ட மறுநாள் மலை இருக்குமே, அந்த நீலம். காலையில் கதவுக்கு ஒரு கோட் அடித்துவிட்டு, மறுபடி இன்னொன்று அடித்தேன். இளைப்பு வந்துவிட்டது. சன்னலைத் திறந்துபோட்டு, சாவியை மதினியிடம் கொடுத்துவிட்டு, மகளுக்குச் சேலை எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் காயை முன்கூட்டியே ஜீப்பில் கொடுத்துவிட்டிருக்கிறார். மகளுக்குப் பொங்கல் சீரில் வைப்பதற்காகப் பொறுக்கி எடுத்த காய். உருண்டு திரண்டு, கிளிப்பச்சை நிறத்தில், ஒரு துணிப்பை நிறைய. ஜீப் ஓட்டும் தம்பி கதவைத் தட்டியிருக்கிறான், மதினி திறந்துவிட்டிருக்கிறாள், அவன் வழக்கமான இடத்தில், உள்ளறைக் கதவுக்குப் பின்னால், கொண்டுபோய் வைத்துவிட்டான். சொல்ல மதினி மறந்துவிட்டாள். மகள் வரும் பரபரப்பில் நானும் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. போகியன்று அவர் வந்து பையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

ஒரு காயை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தார். கதவைப் பார்த்தார். பையின் வாயை மறுபடி கட்டினார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஒரு பிடி காயை முந்தானையில் முடிந்துகொண்டு காய் கமிஷன் கடைக்கு ஓடினேன். அங்கே எனக்குப் பழக்கமான பாய் உண்டு. அவருடைய வீட்டம்மாவுக்கு நான்தான் தைக்கிறேன். காயைக் கையில் வாங்குவதற்கு முன்பே அவர் மூக்கைச் சுளித்தார்.

"என்னத்தா, பெயிண்டுப் பக்கத்துல வச்சியா?"

"வெயில்ல போட்டா போயிருமா பாய்?"

"எங்க போக? அது குடிச்சது குடிச்சதுதேன். பாயசத்துல போட்டா சம்பந்தி வீட்டுல கதவத்தேன் தேடுவாக."

கடைசியில் அவரிடமே காய் வாங்கிச் சீரில் வைத்தேன். ஸ்டோர்க்காரர் மகளுக்குக் கடைக்காயில் சீர். சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியுமே. அந்தப் பொங்கலில் மாட்டுப் பொங்கல் முடிந்ததுமே அவர் மலை ஏறிவிட்டார். லோடு கிடக்கிறது என்றார். கெட்டுப்போன பையையும் தூக்கிக்கொண்டு போனார். அங்கே குப்பையில் கொட்டப் போகிறார், என் கண்ணெதிரே கொட்டாமல் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு அழுது தீர்த்திருப்பேன். அவர் பேசாமல் போனது மூன்று வருடமும் என்னோடு இருந்தது. அந்த நீலக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் முள் குத்தும்.

இந்த ஐப்பசியில் அவராகவே சொன்னார். முழங்கால் வலி, ஸ்டோர்ப் படி ஏற முடியவில்லை. "பொங்கலோட எறங்கிரலாம்னு பாக்குறேன்."

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். "ஒரேயடியாவா?"

"ம்."

அந்த 'ம்' போதும். மார்கழி பிறந்ததும் சேலையை இழுத்துச் செருகினேன். மகள் அனுப்பிய வீடியோப் பெண் பார்த்திருந்தால் மூர்ச்சையாகியிருப்பாள். மாடிக்குச் சுண்ணாம்பு மறுபடி அடித்தேன். கொல்லைப்புறத்தில் பந்தல் போட்டுப் பீர்க்கங்கொடி ஏற்றினேன், மாசியில் அடுப்படிச் சுவருக்கு நிழல் கிடைக்குமே. மெத்தையில் பாதிப் பஞ்சை உருவி, அவர் அமிழ்ந்து போகாதபடி தட்டையாக்கினேன். மேற்குச் சன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி வாங்கி மாட்டினேன். வேர்க்கும்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம்.

கடைசியாக அந்தக் கதவு. அதைப் பார்த்து அவர் பழையதை நினைக்கக் கூடாது. ஒரேயடியாக வரும் மனிதர் எதையும் மனதில் வைத்துக்கொண்டு வரக் கூடாது. உப்புத்தாளை வாங்கி வந்து தேய்த்தேன். நீலம் தூளாக உதிர்ந்தது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, இரண்டு தேய் தேய்ப்பதும் வெளியே போய் மூச்சு வாங்குவதுமாக, மூலைமுடுக்கெல்லாம் சுரண்டி எடுத்தேன். உள்ளே இருந்த வேப்பமரம் வெளியே வந்தது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தேன். ஒரு பொட்டு நீலம் மிச்சமில்லை. நிம்மதியாக இருந்தது.

பொங்கலுக்கு அவர் வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவை. போனில் கேட்டால் பிந்திப் பெய்த மழையால் காய் விடாமல் வந்துகொண்டிருக்கிறது, லோடு கிடக்கிறது, தைக் கடைசியில் வர்றேன் என்றார். ஒரு வாரம் கழித்து, மாசியில் பார்ப்போம் என்றார். குளிர் இருக்கும்போதே வந்து பழகினால்தான் வெயிலைத் தாங்குவார். மாசியில் வந்து இறங்கினால் மறுநாளே வேர்க்கும், அதற்கு மறுநாள் ஜீப் ஏறுவார். அப்புறம் இந்த ஜென்மத்தில் இறங்க மாட்டார். எனக்குச் சந்தேகமே இல்லை, மனிதர் நழுவுகிறார்.

இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டு நானே காலை ஜீப்பில் ஏறினேன். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தேன். நல்ல வேளையாக அன்று மஞ்சு இல்லை, மெட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் திடுக்கிட்டுப் போனார். "நீ எதுக்கு ஏறி வந்த? நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?"

"ஒங்க சாமானக் கட்டி எறக்கிட்டுப் போக வந்தேன்."

"லோடு..."

"லோடுதான். நான் மட்டும் என்ன, கெடந்து காயட்டுமா?"

பக்கத்தில் நின்ற மலையாளத்துக்காரர் ஒருவர் "சேச்சி வந்நோ?" என்று சிரித்துவிட்டு நைசாக நகர்ந்துவிட்டார். புருசன் பெண்டாட்டி வாக்குவாதத்துக்கு மொழி தேவையில்லைபோல.

ஸ்டோரை ஒட்டிய ஓர் அறை அவருடையது. ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, கயிற்றில் நாலு துணி. நான் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். அவர் கதவருகே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அங்க வந்து நான் என்ன செய்ய?"

"என்ன செய்யவா? இருக்க."

"ஒவ்வொரு தடவயும் வர்றேன், ஏதாச்சும் ஒண்ணு மாறியிருக்கு. சட்ட மாட்டுற ஆணி இருக்காது. படுக்குற மெத்த வேறயா இருக்கும். எதத் தொடலாம், எதத் தொடக்கூடாதுன்னு தெரியல. நீ பாட்டுக்கு நல்லாத்தான் வச்சிருக்க. எனக்குத்தான் விருந்துக்கு வந்த எடம் மாதிரி இருக்கு. விருந்தாளி எத்தன நாளு இருக்க முடியும்?"

கையில் இருந்த துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். இத்தனை மார்கழியும் அவரை இருக்க வைக்கத்தானே செய்தேன். ஒவ்வொன்றும் அவரை ஒரு அடி வெளியே தள்ளியிருக்கிறது. அவர் கேட்டது புது மெத்தையையா? ஓர் ஆணியை. அழுகையை அடக்குவதற்காக, டீ போடுகிறேன் என்று அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

காய்க்காக அலமாரியில் துழாவினேன். பின்னால் ஒரு பழைய பால்பவுடர் டப்பா, மூடியைச் சுற்றி டேப்பு ஒட்டியிருந்தது. காய் உருளும் சத்தம் கேட்டது.

"அதத் தொறக்காத" என்றார்.

திறக்காதே என்று சொன்னால் திறப்பதுதான் என் பிறவிக் குணம். டேப்பைப் பிய்த்து மூடியை நெம்பினேன்.

டப்பாவின் அடியில் ஒரு பிடி காய்தான் கிடந்தது. நிறமெல்லாம் போயிருந்தது. ஆனால் குப்பென்று மேலே வந்த அந்த வாசம் எனக்குத் தெரியும். எனாமல் பெயிண்டு. என் உள்ளறைக் கதவு.

"இதக் கொட்டலையா நீங்க?"

"மொதல்ல கொட்டத்தான் கொண்டாந்தேன்" என்றார். "ஒரு நா டீக்கு வச்சிருந்த காயி தீந்துபோச்சு, லோடுக் காயத் தொட முடியாது, சரின்னு இதுல ஒண்ணத் தட்டிப் போட்டேன். குடிச்சா, வீட்டுல கதவுப் பக்கத்துல உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு. நீ மெஷினு ஓட்டுற, மக உள்ள சிரிக்கிறா, புதுப் பெயிண்டு வாசன அடிக்குது. அந்தப் பொங்கலுதான... அதுக்கப்புறம் எப்பவாச்சும் ஒண்ணு போட்டுக்குவேன். அடிக்கடி தொறந்தா வாசன போயிரும்ல. மூடிரு."

மூடினேன். பிய்த்த டேப்பு சரியாக ஒட்டவில்லை. அவர் எழுந்து வந்து, தன் கட்டை விரலால் சுற்றிலும் அழுத்தி ஒட்டினார். வீட்டில் அவருக்கென்று நின்றது அந்த ஒரு கதவுதான். அதை நான் உப்புத்தாளால் தேய்த்துக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லவில்லை. சொன்னால் அவர் வருவதற்கு என்ன இருக்கிறது?

மத்தியானம் மஞ்சு இறங்க ஆரம்பித்தது. என் நெஞ்சும் ஆரம்பித்தது. "கெளம்பு கெளம்பு" என்று என்னை ஜீப்பில் ஏற்றினார். கட்டிய சாமான்கள் அறையிலேயே கிடந்தன. எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் வளைவு வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். துண்டை மூக்கில் பொத்திக்கொள் என்று கையால் சாடை காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

கீழே இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பெயிண்டுக் கடை. அதே கம்பெனி, அதே நீலம் வேண்டும் என்று நின்றேன். கடைக்காரர் நாலு நீலத்தை எடுத்துக் காட்டினார், மூடியைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட்டு என் நீலத்தைக் கண்டுபிடித்தேன். அடுத்தது பாய் கடை.

"நல்ல காயாக் குடுங்க பாய். ஒரு கை நெறைய."

அவர் பொறுக்கிப் போட்டுக்கொண்டே கேட்டார். "சீரா, பாயசமா?"

"கெடுக்குறதுக்கு."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் கதவுக்கு ஒரு கோட், வெயில் ஏறியதும் இன்னொரு கோட். அடித்துவிட்டு, அந்தக் காயைத் துணிப்பையில் கட்டி, கதவுக்குப் பின்னால், அதே இடத்தில் வைத்தேன். நல்ல காயை ஈரப் பெயிண்டுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே வைத்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மதினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மலைக்குப் போயிட்டு வந்ததுலருந்து புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே போனாள். புது அலமாரியைக் கழற்றிக் கொல்லைப்புறத்தில் போட்டேன். அந்தச் சுவரில், பழைய இடத்தில், ஓர் ஆணி அடித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பையை ஜீப் தம்பியிடம் கொடுத்தேன். அவன் வாங்கியதுமே தூரப் பிடித்தான்.

"என்னக்கா, காயி பெயிண்டு நாத்தம் அடிக்குது? மறுபடியுமா?"

"அடிக்கட்டும். கொண்டுபோயி அண்ணங்கிட்டக் குடு. டப்பா காலியாகப் போகுதுல்ல, அதுக்குன்னு சொல்லு."

இனி அவர் வரமாட்டார் என்று முடிவு பண்ணித்தான் கொடுத்தேன். வராவிட்டால் போகிறார், டீயாவது வீட்டு வாசத்தோடு குடிக்கட்டும். இப்படி நினைத்தேனே தவிர, மெஷினில் உட்கார்ந்தால் தையல் நேராக ஓடவில்லை. தைத்ததைப் பிரிப்பதே வேலையாக இருந்தது.

சாயங்காலம் தம்பி வந்தான். அதே பை, கட்டுக்கூட அவிழாமல், அவன் கையில் இருந்தது.

"திருப்பிக் குடுத்துட்டாரா?"

"ஆமாக்கா. கையில வாங்குனாரு, மோந்து பாத்தாரு. புதுப் பெயிண்டுன்னு அவராவே சொன்னாரு. கதவே அங்க இருக்கைல எனக்கு காயி எதுக்குன்னு கேட்டாரு." அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. வெள்ளிக்கெழம வண்டியில கட்டிலுக்கும் பெட்டிக்கும் எடம் வச்சிருக்கச் சொன்னாரு."

இன்றைக்கு வியாழக்கிழமை. பையைப் பழையபடி கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பெயிண்டு காய்ந்து வாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அது போய்விடக் கூடாதென்று வீட்டுச் சன்னல்கள் எல்லாவற்றையும் சாத்திவிட்டேன். நெஞ்சு விசில் அடிக்கிறது. இன்ஹேலரை அமுக்கிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு அவர் வந்து கதவைத் தொட்டுப் பார்த்த பிறகு சன்னலைத் திறந்துகொள்ளலாம்.